முதியோர் இலவச பஸ் பாஸும் பேருந்துக் கணக்கும்: இங்கிலாந்து குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் அரசு ஓய்வூதிய வயதை எட்டிய எவரும் நாட்டின் எந்த ஊரிலும் உள்ளூர்ப் பேருந்தில் காசில்லாமல் ஏறலாம். அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் அம்மாவின் கைப்பையிலோ அப்பாவின் சட்டைப்பையிலோ அந்த அட்டை இருக்கும். கோவிலுக்கும் மருத்துவரிடமும் காய்கறிக் கடைக்கும் போய்வருவது அதை நம்பித்தான். ஆனால் ஊரில் ஒரு தடம் நிறுத்தப்படும்போதெல்லாம், "எல்லாரும் ஓசியில் ஏறினால் பஸ் எப்படி ஓடும்?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. அந்தக் கேள்வியில் உண்மையும் தவறும் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன. எது எந்தப் பாதி என்பதைக் கணக்கோடு பிரித்துக் காட்டவே இந்தப் பக்கம்.

இலவசம் என்றால் அந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்?

பேருந்து நிறுவனத்துக்குக் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், கொடுக்கிறது. லண்டனுக்கு வெளியே உள்ளூர்ப் பேருந்துத் தொழில் 1986 அக்டோபரில் சந்தைக்குத் திறந்துவிடப்பட்டது. அன்றுமுதல் எந்தத் தடத்தில் ஓட்டுவது, என்ன கட்டணம் வாங்குவது என்பதைப் பெரும்பாலும் நிறுவனங்களே முடிவு செய்துவந்தன. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம் "இவரிடம் காசு வாங்காதே" என்று சட்டம் சொல்லும்போது, அதனால் ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் கடமையும் சட்டத்தின்மேல் விழுகிறது. அந்த ஈட்டுத்தொகையைக் கொடுப்பது, பயணி எந்த ஊரில் பேருந்து ஏறினாரோ அந்தப் பகுதியின் கவுன்சில். கவுன்சிலுக்கு அந்தப் பணம் மத்திய அரசின் பொது மானியத்திலிருந்தும் உள்ளூர்வாசிகள் கட்டும் கவுன்சில் வரியிலிருந்தும் வருகிறது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் இங்கிலாந்து முழுவதற்கும் இந்தச் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி பவுண்டாக இருந்தது.

இந்த ஏற்பாடு எப்போது தொடங்கியது?

தொடக்கமே ஒரு வழக்குதான். 1950களில் பர்மிங்காம் மாநகராட்சி, தான் நடத்திய பேருந்துகளில் வயதானவர்களுக்கு இலவசப் பயணம் அளித்தது. வரி செலுத்தும் ஒருவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். மாநகராட்சி என்பது வரி செலுத்துவோரின் பணத்தைப் பொறுப்போடு கையாள வேண்டிய அறங்காவலரைப் போன்றது என்றும், ஒரு பிரிவினருக்கு மட்டும் மற்றவர்கள் செலவில் இலவசப் பயணம் தரும் அதிகாரம் அதற்கு இல்லை என்றும் 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, ஏற்கெனவே நடைமுறையில் இருந்த சலுகைகளைக் காப்பாற்றியது. 1964இல் வந்த இன்னொரு சட்டம் அந்த அதிகாரத்தை விரிவாக்கியது. ஆக, "யார் காசில் யாருக்கு இலவசம்?" என்ற சண்டைக்கு இன்று எழுபது வயது, அதற்கே ஒரு பாஸ் கொடுக்கலாம்.

அதன்பின் பல ஆண்டுகள் ஒவ்வொரு ஊரும் தன் வசதிக்கேற்பச் சலுகை தந்துவந்தது. லண்டனில் 1973 முதல் இலவச பாஸ் உண்டு. வேறு ஊர்களில் அரைக் கட்டணம், சில இடங்களில் டோக்கன், சில இடங்களில் ஒன்றுமேயில்லை. 2001இல் அரைக் கட்டணமாவது தர வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. 2006 ஏப்ரலில் தம் பகுதிக்குள் முழு இலவசம் வந்தது. அதற்காக அரசு உள்ளூராட்சிகளுக்கான நிதியில் ஆண்டுக்கு 35 கோடி பவுண்டு சேர்ப்பதாக அறிவித்திருந்தது. 2008 ஏப்ரல் முதல் ஒரே பாஸில் இங்கிலாந்து முழுவதும் எந்த உள்ளூர்ப் பேருந்திலும் போகலாம் என்றானது. அந்த விரிவாக்கத்துக்கென முதலாண்டில் 21.2 கோடி பவுண்டு தனி மானியமாக ஒதுக்கப்பட்டது. இந்தத் தனி மானியம் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சட்டம் உறுதியளிப்பது எதை?

வார நாட்களில் காலை 9.30 முதல் இரவு 11 வரையும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் நாள் முழுவதும் உள்ளூர்ப் பேருந்தில் இலவசப் பயணம். தகுதி வயது முதலில் 60 ஆக இருந்தது. 2010 ஏப்ரல் முதல் அது பெண்களின் அரசு ஓய்வூதிய வயதோடு இணைக்கப்பட்டுப் படிப்படியாக 66 ஆயிற்று. 2026 முதல் 2028 வரையிலான காலத்தில் 67 ஆகும். தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வயது வரம்பு இல்லை. இதற்கு மேல் எதைத் தந்தாலும், உதாரணமாகக் காலை 9 மணிக்கே அனுமதிப்பதோ டிராமில் ஏற்றுவதோ, அது அந்தந்த ஊரின் விருப்பம், அந்தந்த ஊரின் செலவு.

நான் பாஸ் காட்டினால் முழு டிக்கெட் தொகையும் நிறுவனத்துக்குக் கிடைத்துவிடுகிறதா?

கிடைப்பதில்லை. பெரும்பாலானோர் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்; இந்தத் திட்டத்தின் அச்சாணியும் இதுதான். சட்டத்தின் கோட்பாடு, இந்தச் சலுகையால் நிறுவனத்துக்கு நட்டமும் வரக்கூடாது, ஆதாயமும் வரக்கூடாது என்பது. அதாவது, திட்டமே இல்லாதிருந்தால் நிறுவனம் எந்த நிலையில் இருந்திருக்குமோ அதே நிலையில் இருக்க வேண்டும்.

பாஸ் வைத்திருக்கும் ஒருவர் வாரத்துக்கு ஐந்து முறை பேருந்தில் போகிறார் என்றால், காசு கொடுத்துப் போகவேண்டியிருந்தால் அந்த ஐந்து முறையும் போயிருப்பாரா? அநேகமாக இரண்டு முறை போயிருப்பார். மீதி மூன்று முறை நடந்திருப்பார், மகனைக் காரில் கொண்டுவிடச் சொல்லியிருப்பார், அல்லது வீட்டிலேயே இருந்திருப்பார். ஆகவே நிறுவனம் உண்மையில் இழந்தது இரண்டு பயணங்களின் கட்டணத்தை மட்டுமே. மீதி மூன்று பயணங்கள் பாஸ் இருப்பதால் புதிதாகப் பிறந்தவை. அவற்றுக்குக் கட்டணம் கிடையாது, அவர்களை ஏற்றிச் செல்வதால் ஆகும் கூடுதல் செலவு மட்டும் உண்டு.

இதை எண்களில் காட்ட முடியுமா?

கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை; எந்த ஊரின் கணக்கும் அல்ல.

ஒரு தடத்தில் பாஸ் வைத்திருப்போர் ஓராண்டில் 1,00,000 முறை ஏறினார்கள் என்று கொள்வோம். அந்தத் தடத்தின் சராசரிக் கட்டணம் 2 பவுண்டு. பாஸ் இல்லாதிருந்தால் இவற்றில் 100க்கு 45 பயணங்களே நடந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அப்படியானால் இழந்த கட்டணம் 45,000 பயணங்களுக்கு 90,000 பவுண்டு. மீதி 55,000 புதிய பயணங்களுக்கு எரிபொருள், டயர் தேய்மானம், காப்பீடு, நிறுத்தத்தில் கூடுதலாக நிற்கும் நேரம் ஆகியவற்றுக்கெனப் பயணத்துக்கு 7 பென்ஸ் வீதம் 3,850 பவுண்டு. மொத்தம் 93,850 பவுண்டு. ஒரு பயணத்துக்குப் பிரித்தால் 94 பென்ஸ்.

ஓட்டுநரின் கண்ணில் படுவது, 2 பவுண்டு டிக்கெட்டுக்கு 94 பென்ஸ் வருகிறது என்பது. கவுன்சில் அதிகாரியின் கண்ணில் படுவது, பாஸ் இல்லாவிட்டால் ஏறியே இருக்காதவர்களுக்கும் சேர்த்துப் பணம் போகிறது என்பது. இருவரும் ஒரே தாளைத்தான் பார்க்கிறார்கள்.

பாஸ் இல்லாதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது யாருக்கு எப்படித் தெரியும்?

நேர்மையாகச் சொன்னால், யாருக்கும் தெரியாது. மதிப்பிடுகிறார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வை ஒட்டி, கட்டணத்துக்கும் பயண எண்ணிக்கைக்கும் உள்ள உறவைக் காட்டும் வளைகோடுகள் வகுக்கப்பட்டன. பெருநகரப் பகுதிகளுக்கு ஒன்று, மற்ற இடங்களுக்கு வேறொன்று. முழு இலவசம் வருவதற்கு முன் அந்த ஊரில் கட்டணம் எவ்வளவு இருந்தது, அதன்பின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை உள்ளிட்டால், மேலே நான் 45 என்று எழுதிய இடத்தில் வரவேண்டிய எண் கிடைக்கும். கட்டணம் ஏற ஏற அந்த விழுக்காடு குறையும், ஏனெனில் டிக்கெட் விலை கூடினால் காசு கொடுத்துப் போகிறவர்கள் குறைவார்கள்.

இந்த வளைகோட்டின்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 2005இல் எழுபது வயதாக இருந்து, காசு கொடுத்து ஏறிய மனிதர்களின் நடத்தையிலிருந்து தொடங்கியது அந்தக் கணக்கு. அவர்களில் பலர் இன்று இல்லை. இப்போது பாஸ் வாங்குகிறவர்கள் வாழ்நாளெல்லாம் கார் ஓட்டியவர்கள். முதியோராகி ஒரு நாள்கூடப் பேருந்துக்குக் கட்டணம் கொடுத்தறியாதவர்கள். "இலவசம் இல்லாதிருந்தால்" என்ற உலகம் ஆண்டுக்கு ஆண்டு கற்பனையாகிக்கொண்டே போகிறது. ஆனால் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான பவுண்டு அந்தக் கற்பனையின் பேரில்தான் கை மாறுகிறது. மதிப்பீடு ஐந்து புள்ளி மேலே போனால் கவுன்சிலுக்கு நட்டம், கீழே போனால் நிறுவனத்துக்கு நட்டம். தங்களுக்கு வரும் தொகை நியாயமற்றது என்று கருதும் நிறுவனங்கள் போக்குவரத்து அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். நாடு தழுவிய பாஸ் வந்த தொடக்க ஆண்டுகளில் அப்படிப் பலர் செய்தார்கள்.

பாஸ் காட்டும்போது சில ஓட்டுநர்கள் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்பது ஏன்? இலவசம்தானே?

பெரியவர்கள் பலருக்கு இது மனத்தாங்கலாக இருக்கிறது. தங்களை நம்பவில்லையோ என்று நினைக்கிறார்கள். காரணம் வேறு. அட்டையை இயந்திரத்தில் வைத்தால் ஏறிய இடமும் நேரமும் தடத்தின் எண்ணும் பதிவாகும். இறங்கும்போது யாரும் அட்டையை வைப்பதில்லை, ஆதலால் எவ்வளவு தூரம் போனீர்கள் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. கட்டணம் தூரத்தைப் பொறுத்து மாறும் தடத்தில், இழந்த கட்டணம் எவ்வளவு என்று சொல்ல அந்தத் தகவல் வேண்டும். ஓட்டுநர் கேட்காவிட்டால், காசு கொடுக்கும் பயணிகளின் டிக்கெட்டுகளை வைத்துச் சராசரி போடுவார்கள்.

அந்தச் சராசரியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு வழி டிக்கெட்டின் விலையை மட்டும் உயர்த்திவிட்டு, நாள் டிக்கெட்டையும் வார டிக்கெட்டையும் மலிவாக வைத்திருக்கும் நிறுவனம், ஒரு வழி விலையைக் காட்டிக் கூடுதலாக ஈட்டுத்தொகை கேட்கக்கூடும். வாரத்தில் பலமுறை போகும் முதியவர், காசு கொடுக்க வேண்டியிருந்தால் மலிவான டிக்கெட்டைத்தான் வாங்கியிருப்பார் அல்லவா? அதனால்தான் அரசின் வழிகாட்டுதல் எல்லா வகை டிக்கெட்டுகளையும் கலந்து சராசரி எடுக்கச் சொல்கிறது.

ஏன் 9.30?

காலை நெரிசலில் ஒரு பேருந்து நிரம்பினால் இன்னொரு பேருந்தும் இன்னோர் ஓட்டுநரும் வேண்டும். அந்த வண்டி மீதி நாள் முழுவதும் டிப்போவில் சும்மா நிற்கும். பத்து மணிக்குப் பிறகு காலியாக ஓடும் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்தால் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. 9.30 என்ற எல்லைக்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எல்லை இருந்தால் அதன் விளிம்பில் கூட்டமும் இருக்கும். 9.27க்கு வரும் பேருந்தின் கதவருகே நின்று, "டூ ஏர்லியா?" என்று ஓட்டுநரிடம் கேட்கும் முதியவர்களுக்கு ஓட்டுநர்கள் வைத்த பட்டப்பெயர் "ட்விர்லி". மூன்று நிமிடம் முன்னதாக ஏற்றிக்கொள்ளும் ஓட்டுநரும் உண்டு. கடிகாரத்தைக் காட்டும் ஓட்டுநரும் உண்டு. அந்தப் பேருந்து போனபின் நிறுத்தத்தில் பாருங்கள்: தள்ளுவண்டிப் பைகளோடு பதினைந்து பேர் அடுத்த வண்டிக்கு நிற்பார்கள். நெரிசல் நேரம் முடிந்ததும் இன்னொரு சிறு நெரிசல் பிறந்துவிடுகிறது. நிறுவனங்கள் அதற்கும் செலவு கேட்கின்றன.

காலி இருக்கையில் உட்காருவதால் நிறுவனத்துக்கு என்ன செலவு வந்துவிடப்போகிறது?

ஒருவர் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. ஆனால் நாடு தழுவிய அளவில் பார்த்தால், கொரோனாவுக்கு முன் லண்டனுக்கு வெளியே நடந்த பேருந்துப் பயணங்களில் சுமார் மூன்றில் ஒன்று பாஸ் பயணம். அத்தனை பேரைக் காலி இருக்கையில் மட்டும் அடக்கிவிட முடியாது. சில தடங்களில் சேவையை அடிக்கடியாக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவும் ஈட்டுத்தொகையில் சேரும். ஆனால் இதிலும் ஒரு கழித்தல் இருக்கிறது: அரை மணிக்கொரு முறை வந்த பேருந்து இருபது நிமிடத்துக்கொரு முறை வந்தால், காசு கொடுக்கும் பயணிகளும் கூடுதலாக வருவார்கள். பேருந்து அடிக்கடி வருவதே புதிய பயணிகளை இழுக்கும் என்ற இந்த விளைவைப் பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் 1972இல் எழுதினார். அவர் பெயரிலேயே ஒரு காரணி ஆங்கிலேய அரசின் கணக்குத்தாளில் இருக்கிறது. அந்தக் கூடுதல் வருவாயைக் கழித்துக்கொண்டே செலவைத் தருவார்கள்.

எங்கள் ஊர்ப் பேருந்து எப்போதும் நிறைந்துதான் ஓடியது, எல்லாரும் பாஸ்காரர்கள். அதையே நிறுத்திவிட்டார்கள். பாஸ்தானே காரணம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீண்ட பதில் சொல்லியாக வேண்டும். முதலில் சொன்ன கற்பனைத் தடத்தின் எண்களையே எடுத்துக்கொள்வோம். கிராமங்கள் வழியாகச் சந்தை ஊருக்குப் போகும் ஒரு பேருந்தில் 30 பேர் இருக்கிறார்கள். 24 பேர் பாஸ்காரர்கள், 6 பேர் 2 பவுண்டு கொடுத்தவர்கள். அந்த ஒரு நடையை ஓட்ட ஆகும் செலவு 50 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பாஸ்காரர்களுக்காகக் கிடைப்பது தலைக்கு 94 பென்ஸ் வீதம் 22 பவுண்டு 56 பென்ஸ். மற்றவர்களிடம் 12 பவுண்டு. மொத்தம் 34 பவுண்டு 56 பென்ஸ். ஏறத்தாழ 15 பவுண்டு நட்டம்.

"பார்த்தீர்களா, பாஸால் நட்டம்" என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். பாஸே இல்லாதிருந்தால் அந்த 24 பேரும் காசு கொடுத்து ஏறியிருக்க மாட்டார்கள். 100க்கு 45 என்ற கணக்குப்படி 11 பேர் ஏறியிருப்பார்கள். அவர்களிடம் சுமார் 22 பவுண்டு, மற்ற 6 பேரிடம் 12 பவுண்டு. மொத்தம் 34 பவுண்டு. பேருந்தில் 17 பேர்; நட்டம் கிட்டத்தட்ட அதே நட்டம். அதாவது மதிப்பீடு சரியாக இருக்குமானால், அந்தத் தடத்தைப் பாஸ் நலிவாக்கவில்லை. அது ஏற்கெனவே நலிந்த தடம். பாஸ் செய்தது, இருக்கைகளை நிரப்பி அந்த நலிவு நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்ததுதான். நிறைந்த பேருந்து நட்டத்தில் ஓட முடியும் என்பதை நிறுத்தத்தில் நிற்கிறவர் நம்ப மறுப்பது அதனால்தான்.

மதிப்பீடு சரியாக இல்லாவிட்டால் கதை வேறு. உண்மை 45 ஆக இருக்க, கவுன்சில் 35 என்று தீர்மானித்துவிட்டால் அதே நடைக்கு ஏறத்தாழ 30 பவுண்டுதான் வரும். ஒரு நடைக்கு நாலரைப் பவுண்டு என்பது சிறிதாகத் தெரியலாம். நாளுக்குப் பத்து நடை, ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று பெருக்கினால் 13,500 பவுண்டுக்கு மேல். நகரத்துப் பெருநிறுவனம் வேறு தடங்களின் லாபத்தில் இதைத் தாங்கிக்கொள்ளும். பத்து வண்டி வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு இப்படி நாலு தடம் இருந்தால் ஓர் ஓட்டுநரின் சம்பளத்துக்கு மேல் போய்விடும். பாஸ்காரர்கள் அதிகமுள்ள கிராமத் தடங்களில்தான் இந்தப் பிழை அதிகமாகக் கடிக்கும், ஏனெனில் அங்கே வருவாயின் பெரும்பகுதி ஈட்டுத்தொகைதான்.

ஆனால் என் பார்வையில் தடங்கள் நின்றதற்குப் பெரிய காரணம் இந்த இரண்டும் அல்ல. சட்டத்தில் உள்ள ஒரு சாய்வே காரணம். நட்டத்தில் ஓடும், ஆனால் ஊருக்குத் தேவைப்படும் தடத்தைக் கவுன்சில் டெண்டர் விட்டுத் தன் செலவில் ஓட்டலாம். அப்படி ஓட்டுவதா வேண்டாமா என்பதை, எது பொருத்தமென்று தோன்றுகிறதோ அதன்படி கவுன்சிலே முடிவு செய்துகொள்ளச் சொல்கிறது 1985ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம். பாஸுக்கான பணத்தையோ கொடுத்தே தீரவேண்டும். ஒன்று கடமை, மற்றது விருப்பம். ஆனால் இரண்டும் ஒரே பையிலிருந்து போகின்றன.

தனி மானியத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். 2011 ஏப்ரலில் பாஸ் பொறுப்பு மாவட்ட அளவிலான சிறு கவுன்சில்களிடமிருந்து, பல மாவட்டங்களை உள்ளடக்கிய கவுண்டி கவுன்சில்களுக்கு மாற்றப்பட்டது. தனி மானியமும் பொது மானியத்துக்குள் கரைக்கப்பட்டது. அதே காலத்தில் அரசு கவுன்சில்களுக்கான பொது மானியத்தைக் கடுமையாகக் குறைத்துக்கொண்டிருந்தது. 2012 ஏப்ரலில் பேருந்து நிறுவனங்களுக்கு நேரடியாகத் தரும் எரிபொருள் சார்ந்த மானியமும் 20 விழுக்காடு வெட்டப்பட்டது. பையில் பணம் குறைந்தபோது கடமையில் கை வைக்க முடியாது. ஆகவே கவுன்சில்கள் விருப்பத்தில் கை வைத்தன. மாலை நேரப் பேருந்து, ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து, கிராமத்துப் பேருந்து என்று ஒவ்வொன்றாக நின்றன. பாஸ் கையில் இருக்கிறது, ஏற வண்டி இல்லை என்ற நிலை இப்படித்தான் வந்தது. அதற்குப் பாஸைப் பழிப்பது, வீட்டு வாடகை கட்டியதால்தான் அரிசி வாங்கக் காசில்லை என்று வாடகையைப் பழிப்பதைப் போன்றது. சம்பளத்தைக் குறைத்தவரை யாரும் கேட்பதில்லை.

கடற்கரை ஊர்களின் கவுன்சில்கள் மட்டும் அதிகம் புலம்புவது ஏன்?

ஏறிய இடத்தின் கவுன்சிலே பணம் கொடுக்கும் என்ற விதியால். ஈஸ்ட்ஹாமில் வசிக்கும் பெரியவர் ஒருவர் பிரைட்டனுக்கு ரயிலில் போய், அங்கே கடற்கரைக்குப் பேருந்தில் ஏறினால், அந்தப் பயணத்தின் செலவு பிரைட்டன் கணக்கில் விழும். அவர் கவுன்சில் வரி கட்டுவது நியூஹாமுக்கு. சுற்றுலா ஊர்களும், சுற்றுவட்டாரமே வந்து கூடும் நகர மையங்களும் இதனால் அடிவாங்கின. 2008இல் தனி மானியத்தை எந்த அடிப்படையில் பங்கிடுவது என்பதே பெரிய தகராறாக இருந்தது.

கொரோனா காலத்தில் யாரும் பேருந்தில் ஏறவில்லையே, அப்போது என்ன ஆயிற்று?

ஈட்டுத்தொகையை நிறுத்தினால் பேருந்து நிறுவனங்கள் விழுந்துவிடும் என்பதால், கொரோனாவுக்கு முன் கொடுத்த அளவிலேயே தொடர்ந்து கொடுக்கும்படி அரசு கவுன்சில்களைக் கேட்டுக்கொண்டது, பெரும்பாலானவை கொடுத்தன. ஏறாத பயணிக்குப் பணம் கொடுத்த வினோதமான காலம் அது. பாஸ் பணம் எந்த அளவுக்குப் பேருந்துத் தொழிலின் முதுகெலும்பாகிவிட்டது என்பதும் அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. பின்னர் காசு கொடுக்கும் பயணிகள் திரும்பிவந்த வேகத்தில் முதியவர்கள் திரும்பவில்லை. உண்மையான எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் கொடுப்பது என்று படிப்படியாக மாறியபோது, கவுன்சில்களுக்குச் சற்று மூச்சு வந்தது. கிராமத் தடங்களின் வருவாயோ இறங்கியது.

லண்டனிலும் மான்செஸ்டரிலும் இதே கணக்குதானா?

இல்லை. லண்டனில் 1986இன் சந்தைத் திறப்பு நடக்கவே இல்லை. அங்கே பேருந்துகளை ஒப்பந்தத்தில் ஓட்டுவது தனியார் நிறுவனங்கள். கட்டணம் போய்ச் சேருவது நகரப் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனுக்கு. முதியோருக்கான ஃப்ரீடம் பாஸுக்கு லண்டனின் 33 உள்ளூராட்சிகள் சேர்ந்து பணம் தருகின்றன. அது சுரங்க ரயிலிலும் செல்லும் என்பதால் செலவும் பெரிது. கொரோனாவுக்கு முன்பே ஆண்டுக்கு 30 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. 60 வயதுக்கும் ஓய்வூதிய வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு 2012 முதல் ஆய்ஸ்டர் என்ற தனிப் பயண அட்டை உண்டு. அதன் செலவு டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனைச் சேர்ந்தது. 2020 ஜூன் முதல் வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் இரண்டும் செல்லாது.

கிரேட்டர் மான்செஸ்டர் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் பேருந்துகளை முழுவதும் பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அங்கேயும் இப்போது கட்டணம் பொது அமைப்புக்கே வருகிறது. அதனால் "இழந்த கட்டணம் எவ்வளவு?" என்று நிறுவனத்தோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம், ஒரு பைக்கும் இன்னொரு பைக்கும் இடையிலான கணக்குதான். செலவு மறைந்துவிடவில்லை, வழக்கறிஞரின் வேலை மட்டும் குறைந்திருக்கிறது.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும்?

வேல்ஸ் 2002லேயே இலவசம் தந்தது, ஸ்காட்லாந்து 2006இல். இரண்டிலும் தகுதி வயது இன்றும் 60, நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஸ்காட்லாந்தில் பணத்தைக் கவுன்சில்கள் கொடுப்பதில்லை. நாட்டின் அரசே நேரடியாக ஒரே விகிதத்தில் கொடுக்கிறது. 2006இல் அந்த விகிதம் பெரியவர் ஒரு வழிக் கட்டணத்தில் 73.6 விழுக்காடாக இருந்தது. பின்னர் படிப்படியாக 60க்குக் கீழே கொண்டுவரப்பட்டது. ஒரே விகிதம் என்பது எளிது, ஊருக்கு ஊர் சண்டை இல்லை. ஆனால் மலைப்புறத் தடத்துக்கும் கிளாஸ்கோ நகரத் தடத்துக்கும் ஒரே அளவுகோல் என்பதில் உள்ள நியாயம் விவாதத்துக்குரியது.

வசதி உள்ளவர்களிடம் காசு வாங்கினால் என்ன? ஒவ்வொரு முறைக்கும் 50 பென்ஸாவது வாங்கலாமே?

இப்போதுள்ள சட்டப்படி கட்டாய நேரத்தில் ஒரு பென்ஸ்கூட வாங்க முடியாது. சில சமூகப் பேருந்துச் சேவைகள் விரும்புவோரிடம் நன்கொடை மட்டும் கேட்கின்றன. வருமானம் பார்த்து பாஸ் கொடுப்பதானால், கிட்டத்தட்ட ஒரு கோடி அட்டைகளுக்கு வருமானத்தைச் சோதிக்கும் அலுவலகம் வேண்டும். தவிர, வசதியானவர்கள் பெரும்பாலும் காரில் போகிறவர்கள். அவர்கள் பையில் தூங்கும் அட்டைக்குச் செலவு ஒன்றுமில்லை, ஏனெனில் பணம் பயணத்துக்குத்தான், அட்டைக்கு அல்ல.

50 பென்ஸ் யோசனை இதைவிட நியாயமானது. ஆனால் அதிலும் ஒரு முரண் உண்டு: காசு வாங்கத் தொடங்கியதும் புதிதாகப் பிறந்த பயணங்களில் பல மறைந்துவிடும்; கடைத்தெருவுக்கு, நண்பர் வீட்டுக்கு, நூலகத்துக்குப் போன பயணங்கள் அவை. கேபிஎம்ஜி நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பாஸுக்குச் செலவிடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 2.87 பவுண்டு பெறுமான நன்மை விளைவதாகக் கணக்கிட்டது. அந்த ஆய்வைக் கேட்டது பேருந்துப் பயணத்தை ஊக்குவிக்கும் ஓர் அமைப்பு என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. எண் எதுவாயினும், அந்த நன்மையில் பெரும்பகுதி மருத்துவமனைக்கும் கடைகளுக்கும் குடும்பங்களுக்கும் போகிறதே தவிர, பேருந்துக் கணக்கில் வரவாக எழுதப்படுவதில்லை.

என் ஊர்ப் பேருந்து நிற்காமல் இருக்க நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. ஏறும் ஒவ்வொரு முறையும் அட்டையை இயந்திரத்தில் வையுங்கள். ஒலி எழுந்ததா என்று பாருங்கள். தெரிந்த ஓட்டுநர், "பரவாயில்லை, உட்காருங்கள்" என்று கையசைத்தாலும் வையுங்கள். பதிவாகாத பயணத்துக்கு ஈட்டுத்தொகை இல்லை. தடத்தை வைத்துக்கொள்வதா நிறுத்துவதா என்று அலுவலகத்தில் எண்ணிக்கை பார்க்கும் நாளில் அந்த இருக்கை காலியாகவே தெரியும். "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால் இறங்கும் இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். நேர அட்டவணை மாற்றம் குறித்துக் கவுன்சில் கருத்துக் கேட்கும்போது, பாஸைப் பற்றி எழுதாமல், எந்தக் கிழமை எத்தனை மணிப் பேருந்தில் எதற்காகப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். பாஸைச் சட்டம் காப்பாற்றுகிறது, பேருந்தைக் காப்பாற்ற அந்தக் கடிதம்தான் இருக்கிறது.